வெளிப்பேட் பாதி இருக்கு, உள்பேட் இரும்புல நிக்குது: குளச்சல் கடலோரத்து எஸ்யூவி ஒண்ணோட முழு விவரம்

வண்டி 2021 மாடல், பிஎஸ்6ங்கற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல், ஏழு சீட் எஸ்யூவி. மீட்டர்ல 22,000 சொச்சம் தான் ஓடிருக்கு. வீடு குறும்பனை பக்கம், வாசல்ல நின்னா அலைத் தடுப்புச் சுவரு தெரியும், அவ்வளவு கிட்ட கடல். வீட்டுக்காரர் வளைகுடால வேலை பாக்காரு, இங்க ஓட்டுறது வீட்டு அக்கா தான். பிள்ளைங்கள ஸ்கூல்ல விட, சர்ச்சுக்கு, குளச்சல் சந்தைக்கு, எப்பவாவது நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு. ஒரு ஓட்டம் அஞ்சு கிலோமீட்டரத் தாண்டினாலே பெரிசு. சர்வீஸ் புக்க வாங்கி பாத்தேன், ஒண்ணு கூட விடல, எல்லாம் தேதி தவறாம செஞ்சு சீல் அடிச்சு இருக்கு. கவனிக்காம போட்ட வண்டி இல்ல இது, காசு செலவழிச்சு ஒழுங்கா பாத்துகிட்ட வண்டி. அப்படி இருந்தும் முன் பிரேக் ஒண்ணு கிட்டத்தட்ட இல்லாம ஓடிருக்கு, அதான் இந்த கேஸ ஒண்ணுவிடாம எழுதிரணும்னு உக்காந்தேன். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம்னு கடலோரம் பூரா இதே மாதிரி கொறச்சலா ஓடி நிக்குற வண்டி தெருவுக்கு தெரு இருக்கு.

அக்கா சொன்னது இதான்: "பிரேக் சவுட்டினா ஸ்டியரிங் வலத்தோட்டு போவுது தம்பி, மைலேஜும் முன்ன மாதிரி இல்ல, இடது வீலு பக்கம் ஒரு கருகுன வாடையும் வருது." இதுக்கு முன்ன ஒரு இடத்துல அலைன்மென்ட் பாத்து டயர மாத்திப் போட்டு குடுத்திருக்காங்க. ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி தோணிருக்கு, பெறவு பழையபடி.

இங்க ஒண்ணு தெளிவா சொல்லிரணும். வண்டி ஒரு பக்கம் வலிக்குதுன்னா எப்ப வலிக்குதுங்கறது தான் முதல் கேள்வி. அலைன்மென்ட்லயோ டயர் காத்துலயோ கோளாறுன்னா பிரேக்க தொடாம சும்மா போகும்போதே வலிக்கும். பிரேக் போட்டா மட்டும் வலிச்சா முதல்ல பிரேக்க தான் சந்தேகப்படணும், அதுக்கு அப்புறம் தான் வீல தாங்குற லோயர் ஆர்மோட ரப்பர் புஷ் மாதிரி சமாச்சாரம் எல்லாம். இந்த கேள்விய கேக்காம நேரா அலைன்மென்ட் மெஷின்ல ஏத்தினா காசும் போவும், கோளாறு அங்கேயே நிக்கும், அதவிட மோசம் என்னன்னா வேலை பாத்தாச்சுன்னு ஓட்டுறவங்களுக்கு ஒரு நிம்மதி வந்துரும்.

காலைல கூட்டம் இல்லாத நேரமா பாத்து கடற்கரை ரோட்டுல ஓட்டி பாத்தேன். 40 வேகத்துல கைய ஸ்டியரிங் மேல பட்டும் படாம வச்சா வண்டி கிட்டத்தட்ட நேரா தான் போவுது. பிரேக்க லேசா தொட்டதும் வலது பக்கம் இழுக்குது. அப்புறம் பிரேக்க முடிஞ்ச மட்டும் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி, கியர்லயே வேகத்த கொறச்சு நிறுத்தி, டெம்பரேச்சர் கன்ன வீலோட சேந்து சுத்துற பிரேக் டிஸ்க்குக்கு நேரா புடிச்சேன். இடது முன் வீல் 96 டிகிரி, வலது முன் வீல் 48. பிரேக்கே போடாம ஒரு டிஸ்க் மட்டும் இப்படி சுடுதுன்னா அங்க ஏதோ விடாம உரசிகிட்டு இருக்குன்னு தான் அர்த்தம். மைலேஜ் போனதுக்கும் கருகல் வாடைக்கும் காரணம் அங்கேயே கெடச்சாச்சு.

ஜாக்கி ஏத்தி வீல கழட்டுனோம். கழட்டுறதுக்கு முன்னாடி அலாய் வீல் இடைவெளி வழியா டார்ச் அடிச்சு, டிஸ்க்க ரெண்டு பக்கமும் அமுக்கி நிறுத்துற பிரேக் பேட்ல வெளிப்பக்க பேட பாத்தா ஆறேழு மில்லிமீட்டர் தாராளமா இருக்கு, எவன் பாத்தாலும் பேட் பாதிக்கு மேல இருக்குன்னு தான் எழுதுவான். வீல எடுத்து, பேட அமுக்குற காலிப்பர கழட்டி உள்பக்க பேட வெளிய எடுத்தப்ப தான் தெரிஞ்சுது, அதுல உரசுற சரக்கே இல்ல, இரும்புத் தகடு ஒரு ஓரத்துல டிஸ்க்கையே அறுத்துகிட்டு இருந்திருக்கு. டிஸ்க்கோட உள்முகம் பூரா வரிவரியா கோடு. வெளிமுகம் பளபளன்னு இருக்கு.

ஏன் இப்படி ஆச்சுன்னு புரியணும்னா இந்த பிரேக் வேலை செய்யுற விதத்த கொஞ்சம் சொல்லணும். பெரும்பாலான குடும்ப வண்டில முன்பக்கம் இருக்குறது நகரக்கூடிய காலிப்பர், பிஸ்டன் உள்பக்கம் மட்டும் தான் இருக்கும். பிரேக்க மிதிச்சதும் பிஸ்டன் உள்பேட தள்ளி டிஸ்க்ல முட்ட வைக்கும், அதுக்கு மேல தள்ள இடம் இல்லாததால காலிப்பர் மொத்தமா எதிர்ப்பக்கமா நகந்து வெளிப்பேட அந்தப்பக்கம் இருந்து இழுத்து அமுக்கும். இந்த நகர்வுக்கு ரெண்டு ஸ்லைட் பின் இருக்கு, விரல் தண்டில ரெண்டு இரும்புக் கம்பி, கிரீஸ் போட்டு, ரப்பர் பூட்டால மூடி வச்சிருக்கும். அந்த பின் இறுகிப்போச்சுன்னா காலிப்பர் நகராது. உள்பேட் மட்டும் முட்டும், வெளிப்பேட் சும்மா இருக்கும், காலை எடுத்தாலும் உள்பேட் சரியா விலகாம உரசிகிட்டே கெடக்கும். வலது வீல்ல ரெண்டு பேடும் புடிக்குது, இடது வீல்ல ஒண்ணு தான் புடிக்குது, அப்ப வண்டி வலது பக்கம் தான் போவும், அக்கா சொன்னதும் அதேதான்.

இதுல கவனிக்க வேண்டியது, கெட்டுப்போன பேட் உள்ள மறைஞ்சு இருக்கு, நல்லா இருக்குற பேட் வெளிய தெரியுது. வீல கழட்டாம பாத்தா இந்த கோளாறு கண்ணுல படவே படாது. பில்லுல பிரேக் செக்கப்னு எழுதிருக்கும், வீல் நட்டு திறந்துருக்காது. சர்வீஸ் விடும்போது எல்லாரும் கேக்க வேண்டிய கேள்வி, நாலு வீலும் கழட்டுனீங்களா, உள்பேட் எத்தன மில்லிமீட்டர் இருக்கு, பின் கைல தள்ளுனா நகருதா. வேற எந்த ஆஃபர் பாக்கேஜையும் விட இந்த கேள்வி முக்கியம்.

கீழ் பின்ன பெனட்ரேட்டிங் ஆயில் அடிச்சு ஊறவிட்டு பைய பைய திருகி எடுத்தோம். அதோட ரப்பர் பூட்டுல மடிப்பு பக்கம் ஒரு வெடிப்பு, அது வழியா வெள்ளம் இறங்கி கிரீஸ கழுவிட்டு, உள்ள பூராவும் செவப்புத் துருவும் வெள்ளையா உப்புப் பொடியும். மேல் பின் வரவே இல்ல, சூடு காட்டியும் அசையல, காலிப்பர தாங்குற பிராக்கெட்டயே மாத்த வேண்டியதா போச்சு.

கடலோரத்துல துரு வரும்னு சின்ன பிள்ளைக்கும் தெரியும், ஆனா எப்படி வருதுங்கறதுல ஒரு விஷயத்த நிறைய பேரு விட்டுருவாங்க. மழை நின்னு வெயில் அடிச்சா வண்டி காஞ்சிரும், துரு நின்னுரும்னு நெனப்பாங்க. உப்பு படிஞ்ச இரும்பு அப்படி காயாது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டினாலே உப்பு தானா ஈரத்த இழுத்து கரைய ஆரம்பிச்சிரும், நம்ம கடலோரத்துல ராத்திரில அது சர்வசாதாரணம். அப்ப மழையே இல்லாத மாசத்துலயும் வண்டிக்கு அடில ராத்திரி ராத்திரி ஒரு உப்புவெள்ளப் படலம் இருந்துகிட்டே இருக்கும். ஆனி ஆடில காத்து அடிக்கும்போது அலை சுவர்ல மோதி தெறிக்குற சாரல் நேரா வண்டி மேல தான். கடல்ல இருந்து உள்ள போகப் போக இந்த உப்பு சட்டுனு கொறஞ்சிரும், அதனால தக்கலைல நிக்குற வண்டிக்கும் குறும்பனைல நிக்குற வண்டிக்கும் ஒரே சர்வீஸ் அட்டவணை போட்டா பொருந்தவே பொருந்தாது. நிறைய ஓடுற வண்டில பிரேக் அடிக்கடி வேலை செஞ்சு பின்னும் நகந்துகிட்டு இருக்கும், சூட்டுல ஈரமும் போவும். கொஞ்சமா ஓடி நிக்குற வண்டில அது ரெண்டும் கிடையாது.

வீட்டுக்குப் போய் வண்டி நிக்குற இடத்தையும் பாத்தேன், அங்க இன்னும் ரெண்டு காரணம் கெடச்சுது. ஒண்ணு, மாமா, அதாவது அக்காவோட மாமனார், தெனமும் காலைல வண்டிய கழுவுறாரு, அவ்வளவு பாசமா பாத்துக்குறாரு. ஆனா கழுவுறது வீட்டு போர் தண்ணில. அத நாக்குல வச்சாலே கரிக்குது. கடல் உப்பு அடிச்சத உப்புத் தண்ணி வச்சு கழுவுனா காஞ்சதும் இன்னொரு அடுக்கு உப்பு தான் மிஞ்சும். ரெண்டாவது, பின்னால டிக்கில மீன் பெட்டி ஏத்துற பழக்கம். சொந்தக்காரங்களுக்கு குடுத்துவிட ஐஸ் போட்டு கொண்டுபோவாங்க, அந்த ஐஸ் உருகின வெள்ளம் டிக்கி விரிப்புக்கு அடில இறங்கி தங்கிருக்கு. விரிப்ப தூக்குனா தகரத்துல உள்ளங்கை அகலத்துக்கு பெயின்ட் பொங்கி நிக்குது. அதிர்ஷ்டவசமா ஓட்டை விழல.

மாமா பழைய விசைப்படகு ஆளு. கழட்டி வச்ச பின்ன கைல வாங்கி பாத்துட்டு அவரு சொன்னது: "படக மீன்பிடித் தடைக்காலத்துல கரையேத்தி அடிய சொரண்டி பெயின்ட் அடிச்சு, ஷாஃப்ட் வரைக்கும் பாத்துட்டு தான் மக்கா திருப்பி இறக்குவோம். இந்த வண்டிக்கு அடிய எவன் பாத்தான்?" நான் அவருக்கு சொல்ல நெனச்சதெல்லாம் அந்த ஒரு வார்த்தைல அவரே சொல்லிட்டாரு. மேற்குக் கடற்கரைல தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, தென்மேற்குப் பருவமழையும் அதே நேரம் தான். அப்ப காருக்கு அடிப்பக்க வேலை அதுக்கு முன்னாடியே மே மாசத்துல முடியணும், இத ரெண்டு பேரும் அங்க வச்சே பேசி முடிச்சோம்.

இனி செஞ்ச வேலை. முன்பக்கம் ரெண்டு டிஸ்க்கும் மாத்துனோம். இடது டிஸ்க் மட்டும் தான் கெட்டுது, ஆனாலும் ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னு போட்டா திரும்பவும் இழுப்பு வரும், பிரேக் சாமான் எப்பவும் ஜோடியா தான் மாத்தணும். டிஸ்க்லயே குறைஞ்சபட்ச தடிமன் எவ்வளவுன்னு பொறிச்சிருக்கும், லேத்துல கடைஞ்சு ஓட்டலாம்னு யாராவது சொன்னா அந்த எண்ண பாத்துட்டு முடிவு பண்ணுங்க, இதுல கடைய இடமே இல்ல. ரெண்டு பக்கமும் புது பேட், புது பின், புது பூட், இடது பக்கம் பிராக்கெட். பின்னுக்கு போட்டது பிரேக்குக்குன்னே வர்ற சிலிக்கான் கிரீஸ். சாதா வீல் கிரீஸ் போட்டா அதுல இருக்குற மினரல் ஆயில் ரப்பர ஊத வச்சிரும், பின் மறுபடியும் இறுகும், இத பல இடத்துல பாத்தாச்சு. பின்பக்க பிரேக்கையும் திறந்து துருவையும் தூசியையும் எடுத்தோம். புது பேட் பதியணும்னு 50 வேகத்துல இருந்து லேசா மிதிச்சு 10 வரைக்கும் கொறச்சு, ஆற விட்டு, திரும்ப அதே மாதிரி. முதல் கொஞ்ச நாள் சடன் பிரேக் போடாம ஓட்டச் சொல்லிருக்கேன். பின் கிட்டும் கிரீஸும் காலாகாலத்துல போட்டிருந்தா சில நூறு ரூபால முடிஞ்சிருக்கும், டிஸ்க் வரைக்கும் போனதால பல ஆயிரம் ஆச்சு.

பிரேக் ஆயில டெஸ்டர்ல பாத்தா தண்ணி அளவு செவப்பு லைட்டுக்கு போயிருச்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், அது அதோட குணம். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, ஈரம் ஏறினா 155 வரைக்கும் இறங்கிரும். ஏழு பேர ஏத்திகிட்டு பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் போயிட்டு இறக்கத்துல மிதிச்சு மிதிச்சு வரும்போது ஏற்கனவே ஒரு வீலு சுட்டுகிட்டு இருந்தா அந்த ஆயில் கொதிச்சு ஆவியாகி பெடல் தரைக்கே போயிரும். நெனச்சாலே பயமா இருக்கு, ஏன்னா ஈஸ்டர் லீவுக்கு அப்படி ஒரு ட்ரிப் போக இருந்தாங்க. ஆயில முழுசா மாத்தியாச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, கிலோமீட்டர் எவ்வளவுன்னு பாக்காம மாத்தணும்.

பிரேக்குக்கு வந்த வண்டில இஞ்சின் ஆயில் ஸ்டிக்க இழுத்து பாத்தது வழக்கமா பாக்குறது தான், ஆனா ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிக்குது, மோந்து பாத்தா டீசல் வாடை. ஆயில் கொறஞ்சா தான் எல்லாரும் பயப்படுவாங்க, கூடினா நல்லதுன்னு விட்டுருவாங்க. பிஎஸ்6 டீசல்ல அது ஒரு எச்சரிக்கை. சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அது புகைக்கரிய புடிச்சு வைக்கும், நெறஞ்சதும் வண்டி தானாவே கூடுதலா டீசல் அடிச்சு அத 600 டிகிரி கிட்ட சூடாக்கி எரிச்சு தள்ளும். அதுக்கு ஒரு கால் மணி இருபது நிமிஷமாவது நிக்காம ஒரே சீரா ஓடணும். இங்க ஓட்டமே பத்து நிமிஷம். ஒவ்வொரு தடவையும் எரிக்க ஆரம்பிக்கும், அதுக்குள்ள ஸ்கூல் வந்துரும், வண்டிய ஆஃப் பண்ணிருவாங்க. எரியாத டீசல்ல ஒரு பங்கு சிலிண்டர் ஓரமா வடிஞ்சு, இஞ்சினுக்கு அடில ஆயில் நிக்குற சம்புல போய் சேரும். ஆயில் தண்ணியாகி பேரிங்குக்கும் டர்போக்கும் பசை இல்லாம போவும். ஸ்கேனர் போட்டப்ப பாதில நின்ன கணக்கு தான் வரிசையா வந்துச்சு. ஆயிலும் ஃபில்டரும் மாத்துனோம், டிபிஎஃப் வண்டிக்குன்னு சொல்ற சாம்பல் கொறஞ்ச கிரேடு தான் போடணும், கம்மி விலைக்கு கெடைக்குதுன்னு வேற எதையும் ஊத்தக் கூடாது. அப்புறம் அக்காவையும் கூட்டிகிட்டு ஆரல்வாய்மொழி தாண்டி காவல்கிணறுல நாலுவழிச்சாலை ஏறி நாங்குநேரி பக்கம் வரைக்கும் ஒரே வேகத்துல ஓட்டிட்டு வந்தோம், ஸ்கேனர்ல கரி அளவு நல்லா இறங்கிருச்சு. நம்ம ஊர் ரோட்டுல களியக்காவிளைல இருந்து நாகர்கோவில் வரைக்கும் அப்படி நிக்காம ஓட்ட எங்க முடியும், மார்த்தாண்டத்துலயே அரை மணி போயிரும், அதனால காவல்கிணறு பக்கம் தான் வழி. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா இப்படி ஒரு ஓட்டம் போயே ஆகணும்னு சொல்லிருக்கேன். இத டீசல் வேஸ்ட்னு நெனக்காதீங்க, டிபிஎஃப் அடைச்சு மாத்துற செலவ கேட்டா தெரியும். இப்படி சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓட்டுறவங்க அடுத்த வண்டி வாங்கும்போது பெட்ரோல யோசிக்குறது நல்லது, இது என்னோட உறுதியான அபிப்ராயம்.

சின்ன சமாச்சாரமும் இருந்துச்சு. வண்டி நிக்குறது தென்னை மூட்டுல. தேங்காய் விழும்னு தள்ளி தான் நிறுத்துறாங்க, ஆனா தென்னம்பூ உதிர்ந்து முன் கண்ணாடிக்கு கீழ உள்ள தட்டுல குமிஞ்சு, மக்கி, வெள்ளம் வடியுற ஓட்டைய அடைச்சிருக்கு. ஏசி போட்டா வர்ற ஈர வாடை அங்க இருந்து தான். கேபின் ஃபில்டர் கருத்து நாறிப்போச்சு, மாத்தியாச்சு. கதவுக்கு அடில இருக்குற ஓட்டையும் மணல் அடைச்சு கெடந்துச்சு, கம்பி விட்டு குத்தினதும் உள்ள இருந்து வெள்ளம் கொட்டிச்சு. பேட்டரி 12.2 வோல்ட், சின்ன ஓட்டத்துல சார்ஜ் ஏறவே இல்ல, டெர்மினல சுத்தம் பண்ணி வாசலின் தடவி சார்ஜ் போட்டு குடுத்தேன். டயர்ல 1121னு இருக்கு, 2021ல பதினோராவது வாரத்து தயாரிப்பு, தரைல படுற பட்டன் நல்லா இருக்கு, ஓரத்துல மயிர் மாதிரி வெடிப்பு தொடங்கிருக்கு, இப்போதைக்கு ஓடும்.

அடிப்பக்கத்துக்கு வந்தா, சஸ்பென்ஷன் ஆர்ம், சப்ஃப்ரேம் எல்லாம் மேலாப்புல துரு தான், உள்ள அரிக்கல. இதுக்கு கருப்பா தடிமனா ரப்பர் கோட்டிங் அடிச்சு விட்டுரலாம்னு அக்காகிட்ட யாரோ சொல்லிருக்காங்க. துருவுக்கு மேல அத அடிக்குறதுல எனக்கு சம்மதமே இல்ல. புதுத் தகரத்துல அடிச்சா சரி, ஏற்கனவே துரு இருக்குற இடத்துல அடிச்சா உள்ள ஈரம் மாட்டிகிட்டு வெளிய அழகா தெரியும்போதே உள்ளுக்குள்ள தின்னுகிட்டு போவும், கோட்டிங் உரியும்போது தகரமும் சேந்து வரும். நல்ல தண்ணில அடிய பூரா கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு, வயர் பிரஷ் போட்டு, துரு மாத்துற கெமிக்கல் தடவி, ஜிங்க் பிரைமர் அடிச்சு, மேல மெழுகு வகை கோட்டிங் அடிச்சோம். மெழுகு கீறல் விழுந்தாலும் கொஞ்சம் பரவி மூடும், அடியில நடக்குறது கண்ணுக்கும் தெரியும், வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப அடிச்சா போதும். டிக்கி தகரத்துக்கும் அதே வைத்தியம், மீன் பெட்டிக்கு அடில இனி ஆழமான பிளாஸ்டிக் ட்ரே ஒண்ணு வச்சிருக்காங்க.

கழுவுற விஷயத்துல மாமாகிட்ட பேசுனதுல ஒரு ஒப்பந்தம் ஆச்சு, போர் தண்ணி வண்டிகிட்ட வரக்கூடாது. தெனமும் கழுவ வேண்டாம், குடிதண்ணி லைன்ல வர்றத புடிச்சு வச்சு வாரத்துக்கு ஒருக்கா கழுவினா போதும், மேல பாலிஷ் பண்றத விட வீல் உள்பக்கமும் மட்கார்டு உள்ளயும் அடியும் நல்லா கழுவணும். கழுவினதும் அப்படியே நிறுத்தாம ஒரு சுத்து ஓட்டி பிரேக் போட்டு காய வச்சுட்டு நிறுத்தணும். ஊருக்கு போய் பல நாள் நிக்குற மாதிரி இருந்தா ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு வீலுக்கு கட்டை வைக்கணும், இல்லாட்டி பின்பக்க பிரேக் ஒட்டிகிட்டு நகராது.

இந்த வண்டிக்கு இனி கணக்கு மாசம் தான், கிலோமீட்டர் இல்ல. மே கடைசில நாலு வீலும் கழட்டி பின் கிரீஸ், அடி மெழுகு, வைப்பர், வடிகால் ஓட்டை எல்லாம். வடகிழக்கு மழையும் நமக்கு விடாம கெடைக்குறதால அது முடிஞ்சு ஜனவரில இன்னொரு தடவை அதே பார்வை. இஞ்சின் ஆயில் எட்டு மாசத்துக்கு ஒருக்கா, அதுக்குள்ள ஸ்டிக்ல மேல் கோட்ட தாண்டினா உடனே.

வேலை முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு திரும்ப வீல கழட்டி அளந்தேன், இடது வலது, உள்பேட் வெளிப்பேட் நாலும் ஒரே அளவுல தேஞ்சிருக்கு, பின் ரெண்டு விரல்ல தள்ளினா நகருது. டிஸ்க் சூடு ரெண்டு பக்கமும் அஞ்சு டிகிரி வித்தியாசத்துக்குள்ள. மைலேஜ் பழையபடி ஏறிருச்சுன்னு அக்கா சொன்னாங்க. ஏசி காஸோட சூட்ட வெளியேத்துற கண்டன்சர் மட்டும் பாக்கி. அதோட கீழ்ப்பக்க அலுமினியத் தகடு தொட்டாலே பொடியா உதிருது, காஸ் இன்னும் லீக் ஆகல, அதனால இப்ப மாத்தல, நல்ல தண்ணி மட்டும் மெதுவா அடிக்கச் சொல்லிருக்கேன், பிரஷர் பம்ப் அங்க காட்டவே கூடாது. கூலிங் கொறஞ்சா ஊர்ல காஸ் மட்டும் ஏத்தி ஓட்டாம நேரா கண்டன்சர மாத்திரணும்னு வீட்டுக்காரருக்கும் போன்ல சொல்லியாச்சு.